உள்ளே விட்ட ஓர் அங்குலம்

ஜனவரி 8

அன்புள்ள கொசுவுக்கு,

இங்கே நான் நலம், உன் மாமா நலம், என் மாமியார் நலத்துக்கும் ஒரு படி மேல். நீ, உன் வீட்டுக்காரர், உன் மகள் என்று நீ சொல்லிக்கொள்ளும் என் பட்டாணி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பட்டாணியின் முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆட்டிக்கொண்டே திரிகிறாளா?

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் இதைச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ரெண்டே அறை. ஓர் அறையில் நான் பெருமூச்சு விட்டால் அடுத்த அறையிலிருந்து அத்தை "என்ன ஆச்சு?" என்பார். அதனால்தான் கடிதம். நீயும் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, போன தடவை மாதிரி தையல் கடைக்கே அனுப்பு. முதலாளியம்மா கவரைப் பிரிக்கமாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதோடு சரி.

விஷயம் இதுதான். மூன்றாவது தடவை போகப்போகிறோம். புதிதாகக் கருமுட்டை எடுக்கும் வேலை இல்லை. போன வருஷம் எடுத்ததில் உருவான கரு ரெண்டு ஆஸ்பத்திரியில் உறைந்து கிடக்கிறது. அதை உள்ளே வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார்! அதற்கு முன்னால் கருப்பையின் உள்சுவர் ஏழு மில்லிமீட்டர் தடிமன் வர வேண்டுமாம். டாக்டர் அதை லைனிங் என்கிறார். "ஊரில் இருக்கிற கோட்டுக்கெல்லாம் லைனிங் வெச்சுத் தைக்கிறேன், எனக்கு நானே ஒண்ணு வெச்சுக்க முடியலையே டாக்டர்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட நர்ஸ் சிரித்தாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

இந்த ரெண்டோடு சரி, கொசு. இதுவும் நிற்காவிட்டால் இன்னொரு தடவை இல்லை. பதினோரு வருஷம் ஆயிற்று. ஊசி போட வயிற்றில் புது இடம் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி நாற்காலி வரிசையில் உன் மாமாவின் முகத்தைப் பார்க்கவும் எனக்கு இனிமேல் தெம்பில்லை.

போன ரெண்டு தடவையும் நீ பக்கத்தில் இருந்தாய். இந்தத் தடவையும் வா. பத்து நாள் இரு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உன் பல் ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொன்னால் போதும். வருவாய்தானே?

மற்றவை உன் பதில் பார்த்து,
அக்கா


ஜனவரி 29

என் அக்காவுக்குக் கொசுவின் அன்பு.

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாமாவுக்கு முதுகுவலி தேவலையா? பட்டாணியின் பல் விழுந்துவிட்டது. பெரியம்மாவிடம்தான் காட்டுவேன் என்று தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் பல் டாக்டர் புதிதாக இன்னொரு நாற்காலி போட்டுவிட்டார். ஆள் மட்டும் புதிதாகப் போடவில்லை. வரவேற்பு மேஜையில் நான் ஒருத்திதான். பத்து நாள் லீவு கேட்டால் என் பல்லைப் பிடுங்கிவிடுவார். வரப் பார்க்கிறேன், ஆனால் என்னை நம்பி இருக்காதே.

இன்னொன்று. ஃபோனில் கேமரா கெட்டுப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வெறும் குரலில்தான் பேச முடியும்.

நீ மனசை அமைதியாக வைத்துக்கொள், அக்கா. வேறு எதையும் யோசிக்காதே. யாரைப் பற்றியும் யோசிக்காதே. என்னைப் பற்றிக்கூட.

இப்படிக்கு,
கொசு


பிப்ரவரி 17

அன்புள்ள கொசுவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி உண்மைக்கு வருவோம்.

ஐந்து புள்ளி எட்டு. ஒரு மாதம் மாத்திரை விழுங்கி வளர்த்த லைனிங் அவ்வளவுதான். "இந்த மாசம் வேணாம், அடுத்த தடவை பார்க்கலாம்" என்று டாக்டர் தாளை மடித்துவிட்டார். படி இறங்கும்போது உன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்டில் போகலாமே என்றேன். "நான் ரிப்பேர் பண்ணாத லிஃப்ட்ல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார். அப்போது சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அந்த மனுஷனிடம் ஏதோ இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஃபோன் அடிக்கும், பேரைப் பார்ப்பார், எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் யார் என்று கேட்டால், "சைட்ல இருந்து" என்பார். நேற்று அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். (ஆமாம், பார்த்தேன். நீ பார்க்கமாட்டாயா?) சைட்டும் இல்லை, கிட்டும் இல்லை. வந்த ஃபோன், போன ஃபோன் எல்லாம் துடைத்து வைத்திருக்கிறார். தான் சாப்பிட்ட தட்டையே கழுவத் தெரியாத ஆள், ஃபோனை எப்படி இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்?

அத்தை வேறு. பதினோரு வருஷமாக மாதம் தவறாமல் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டவர், ஒரு மாதமாகக் கேட்பதில்லை. என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைக்கிறார். அவர் பேசினால் எனக்குப் பயமில்லை, கொசு. வாயை மூடிக்கொண்டால்தான் பயம்.

எங்களோடு வேலை செய்யும், பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண் தன் குழந்தையைக் கடைக்குத் தூக்கி வந்தாள். எல்லோரும் கொஞ்சினார்கள். நான் பின்பக்கம் போய் கால் மணி நேரம் வெள்ளை நூல் தேடினேன். என் மெஷினிலேயே வெள்ளை நூல்தான் இருந்தது.

நீயும் ஏதோ மாதிரிதான் இருக்கிறாய். ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் பெண்டாட்டியின் ஃபோனில் ஒரு மாதமாகக் கேமரா கெட்டுக் கிடக்குமா? யார் காதில் பூ சுற்றுகிறாய்?

சீக்கிரம் எழுது. நீயாவது நேராகப் பேசு.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? வேலை அதிகம், அதனால்தான் ஒரு மாதமாக எழுதவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

மாமாவைச் சந்தேகப்படாதே. சொக்கத் தங்கம். உன்னைப் பற்றிய கவலையில் பாதியாக இளைத்துவிட்டார், பாவம். மீசையும் இல்லாமல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறார். இப்படிப்பட்டவரைப் போய்ச் சந்தேகப்பட உனக்கு எப்படி மனசு வருகிறது?

அத்தை உன் தட்டில் வைப்பதைச் சாப்பிடு. கேமராவுக்கு ஏதோ பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம்.

அடுத்த ஸ்கேன் எப்போது? நான் தினமும் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கொசு


மார்ச் 30

கொசு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

உன் மாமாவின் மீசை போனது மார்ச் ஐந்தாம் தேதி. ஒரு பக்கம் அதிகமாக வெட்டி, அதைச் சரிக்கட்ட இன்னொரு பக்கம் வெட்டி, கடைசியில் ஒன்றுமில்லாமல் வெளியே வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு யாரையும் படம் எடுக்கவிடவில்லை. நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் குரலில்தான் பேசுகிறோம். நான் உனக்குச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, அந்தக் கோலத்தை விவரிக்கும் மனநிலையிலா இருந்தேன்?

பிறகு உனக்கு எப்படித் தெரிந்தது? இளைத்துவிட்டார் என்று எந்தக் கண்ணால் பார்த்தாய்?

உன் கடிதம் வந்த அன்றே அவருடைய வேலை பேன்ட்டைக் கால் குறைக்க எடுத்தேன். துணியை மெஷினுக்குக் கொடுக்கும் முன் பாக்கெட்டைத் துழாவிப் பார்ப்பது என் தொழில் புத்தி. அதில் ஒரு பஸ் டிக்கெட். உங்கள் ஊருக்கு. மார்ச் பதினாலு, சனிக்கிழமை. அன்றைக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று காலை ஆறு மணிக்கு ஓடினார் உன் சொக்கத் தங்கம்.

அவரிடம் ஒன்றுமே தெரியாத மாதிரி, "அன்னைக்கு மாட்டிக்கிட்டவங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன். "இருக்காங்க, இருக்காங்க" என்றார். ரெண்டு தடவை சொன்னார். உன் மாமா உண்மை சொன்னால் ஒரு தடவைதான் சொல்வார்.

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். அதனால் உன்னைக் கேட்கிறேன். ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து உன் வீட்டுக்கு எதற்கு வந்தார்?

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு நலமா? இங்கே எல்லோரும் சுகம்.

மாமா சும்மாதான் வந்தார். அவர் ஃபோனில் ஏதோ கோளாறு, என் வீட்டுக்காரரிடம் காட்ட வந்தார். உன்னிடம் சொன்னால் 'இந்த ஊரில் கடையே இல்லையா' என்று திட்டுவாய் என்று சொல்லவில்லை. நானும் அதனால்தான் சொல்லவில்லை. இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பட்டாணி ஒரே வருஷத்தில் நெடுநெடு என்று வளர்ந்துவிட்டாள். அவளுடைய பள்ளி உடுப்பு மூன்றைப் பார்சலில் அனுப்பச் சொல்கிறேன். ஓரத்தை இறக்கிக் கொடு. இங்கே கொடுத்தால் கோணல்மாணலாகத் தைக்கிறார்கள்.

அக்கா, எனக்கு எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. நீ நல்லபடியாக இரு. மற்றது எல்லாம் அப்புறம்.

கொசு


ஏப்ரல் 26

கொசு,

ஃபோன் கோளாறா! எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே, கடைக்கு எதிரே, நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு ஃபோன் கடை. பன்னிரண்டு மணி நேரம் போகவர பஸ்ஸில் உட்கார்ந்து திருகாணி முடுக்கப் போனாராம். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே அது வராது.

'மற்றது எல்லாம் அப்புறம்' என்றாயே, எது அந்த மற்றது? எனக்குத் தெரியாமல் என்ன நடக்கிறது? தையல் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கால் மிதிக்கிறது, கை துணியைத் தள்ளுகிறது, தலை மட்டும் சும்மா இருக்குமா? அந்த ரெண்டு கருவும் உதவாது என்று டாக்டர் அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டாரோ என்று ஒரு நாள். அவருக்கு அலுத்துப்போய், என்னை எப்படிக் கழற்றிவிடுவது என்று உன்னிடம் வழி கேட்கிறாரோ என்று ஒரு நாள். அத்தையும் நீயும் அவரும் ஒன்றாகச் சேர்ந்து வேறு இடத்தில் பெண் பார்க்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன்.

அதற்கும் கீழே போனேன். உன் வீட்டுக்காரர் காலையில் கடைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். பட்டாணி ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம். அவர் வந்தது சனிக்கிழமை. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கமாட்டேன். நீங்கள் ரெண்டு பேரும் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று உனக்குத் தெரியட்டும்.

லைனிங் ஆறு புள்ளி ஆறு. இந்தத் தடவை ஏழைத் தாண்டிவிடும், மே ஒன்பதாம் தேதி வைத்துவிடலாம் என்கிறார்கள். நீ வர வேண்டாம்.

அக்கா


மே 4

பார்சல் வந்தது. பட்டாணியின் உடுப்பு மூன்று. அதோடு உன் நீல டாப்ஸ் ஒன்றும் வந்திருக்கிறது. நீ அனுப்பச் சொல்லியிருக்கமாட்டாய்.

அது ரெண்டு வருஷம் முன்னால் நான் தைத்தது. யாருக்குத் தைத்தாலும் பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணி விடுவேன், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. நீ பிரித்திருக்கிறாய். அக்குளில் பிரிக்கவில்லை, மார்பில் பிரிக்கவில்லை, கையில் பிரிக்கவில்லை. வயிற்றுக்கு நேராக மட்டும் ரெண்டு பக்கமும் பிரித்து, உன் கோணல் கைத்தையல் போட்டிருக்கிறாய்.

உடம்பு போட்டால் எல்லா இடத்திலும் போடும். வயிற்றில் மட்டும் போடுவது ஒன்றுதான்.

எத்தனை மாதம்?

ஃபோன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன். எழுது.


மே 6

அக்கா,

ஐந்து முடியப்போகிறது. செப்டம்பர் முதல் வாரம் என்கிறார்கள். கூரியரில் அனுப்புகிறேன், ஒன்பதாம் தேதிக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும். நாற்காலி மேல் இருக்கிற துணியைப் பார்சல் கட்டுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு திருகாணியைக்கூட இடம் மாற்றிப் போடாத மனிதர், நாற்காலி மேல் இருந்ததையெல்லாம் சேர்த்துக் கட்டிவிட்டார்.

ஜனவரி பதின்மூன்று காலையில் குச்சியில் ரெண்டு கோடு வந்தது. நாங்கள் திட்டம் போட்டது இல்லை, எதிர்பார்த்ததும் இல்லை. அன்றைக்குப் பத்து மணிக்குத் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். 'இந்த ரெண்டோடு சரி' என்று எழுதியிருந்தாய். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே, தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மாமாவுக்கு ஃபோன் பண்ணினேன். "நல்ல சேதிம்மா. நல்லா சாப்பிடு" என்றார். பிறகுதான் உன்னைப் பற்றிச் சொன்னார். போன தடவை கரு வைத்து, நான் ஊர் திரும்பிய மறுநாள், காஜா எடுக்கும் பெண் மாசமாக இருப்பது தெரிந்து நீ ரெண்டு நாள் சாப்பிடவில்லையாமே. அதனால்தான் தங்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாயாமே. "யாரோ ஒரு பொண்ணுக்கே அப்படி. இது நீ. கருவ வெச்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் வேணாம். எல்லாப் பழியும் என் மேல" என்றார். அத்தையிடமும் அவர்தான் சொல்லி வாயைக் கட்டினார். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அவர் வந்தது வேறு விஷயம். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மார்ச்சில் நான் அவரிடம் ஃபோனில் சொன்னேன்: "எனக்குப் பட்டாணி இருக்கா. இத அக்காவுக்கே குடுத்துடறேன். எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு." அவர் ஃபோனை வைத்துவிட்டார். மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து நிற்கிறார். மீசை இல்லாமல் முதலில் அடையாளமே தெரியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இந்தப் பேச்ச நேர்ல நிறுத்தணும்னுதான் வந்தேன்" என்றார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "கேட்டா சரின்னு சொல்லிடுவா. அதான் பயம். அப்புறம் நீ இங்க அழுவ, அவ அங்க அழுவா, நடுவுல அந்தப் புள்ள யாரப் பார்த்துச் சிரிக்கும்?" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். அன்றைக்குக் கடையைத் திறக்கவே இல்லை.

உன் கடிதத்தில் சனிக்கிழமை என்று வரும் அந்த நாலு வரியை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டேன். மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி நல்லபடியாக நடக்கட்டும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கொசு


மே 24

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கால் வீங்குகிறதா?

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். ஒன்பதாம் தேதி வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து மூன்று மாடி. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் இல்லை பார்! என்னை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஏறினார். ரெண்டாவது மாடியில் அவருக்கு மூச்சு இரைத்தது. இறக்கிவிடச் சொன்னால் கேட்கவில்லை.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. நேற்று ரத்தம் எடுத்தார்கள். லேபில் மெஷின் பழுதாம். எப்போது வரும் என்று சொல்லத் தெரியவில்லை. நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. மனசை அமைதியாக வைத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 29

அக்கா,

உன் லேப் மெஷினையும் என் கேமராவையும் ஒரே கடையிலா வாங்கினார்கள்?

கொசு


ஜூன் 3

என் கொசுவுக்கு,

மாட்டிக்கொண்டேன். உனக்கும் என் புத்தி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

இல்லை. தங்கவில்லை. ரெண்டில் ஒன்று உறைநிலையிலிருந்து எடுக்கும்போதே போய்விட்டது. மற்றது பதினாலு நாள் என்னோடு இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன். இருபத்து மூன்றாம் தேதி மதியமே சொல்லிவிட்டார்கள். கண்ணாடி நர்ஸ் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், அப்போதே புரிந்தது. உன் மாமா என்னை அழவிட்டுவிட்டுத் தானும் அழுதார். பிறகு, "கொசுக்கு என்ன எழுதுவ?" என்று கேட்டார். "மாசமா இருக்கிறவகிட்ட இதையா எழுதுவேன், மெஷின் ரிப்பேர்னு எழுதறேன்" என்றேன். சொல்லி முடித்ததும் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலு மாதமாக அவரை எதற்காக மனசுக்குள் திட்டித் தீர்த்தேனோ, அதையே நான் ஒரு நொடியில் செய்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது இன்னும் வலித்தது.

சனிக்கிழமை பற்றி நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டால் போதாது, தெரியும். கேட்கிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவர் பக்கத்தில் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்த அளவுக்கா நான் நடந்துக்கிட்டேன்?" என்று மட்டும் கேட்டார். இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆகும்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அந்த நீல டாப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, 'பதினோரு வருஷமாக நான் கேட்டது, கேட்காத இவளுக்கா' என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். வெட்டவில்லை. கை வரவில்லை. உன் கோணல் தையலைப் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்கு உனக்கும் சேர்த்து நான் தைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

குழந்தையைக் கொடுக்கிறேன் என்றாயே. கேட்டிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். யோசித்திருக்கக்கூட மாட்டேன். உன் மாமா என்னைச் சரியாகத்தான் அளந்து வைத்திருக்கிறார். அதனால் அந்தப் பேச்சை இனிமேல் எடுக்காதே, விளையாட்டுக்குக்கூட எடுக்காதே. இன்னொரு தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. பட்டாணிக்கு நான் பெரியம்மா. வருவதற்கும் பெரியம்மா. அது எனக்குப் போதுமா என்று தெரியவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டாப்ஸை அனுப்புகிறேன். உன் கைத்தையலைப் பிரித்துவிட்டேன், பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே விட்ட ஓர் அங்குலம் இனிமேல் போதாது. பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்துத் தைத்திருக்கிறேன், ஒன்பதாம் மாதம் வரைக்கும் தாங்கும். அந்தப் பட்டைக்கு உள்ளேயும் ஓர் அங்குலம் விட்டிருக்கிறேன்.

போன கடிதத்தின் கவரில் பல் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது. இன்னும் அந்த மேஜையில் நாள் முழுக்க நிற்கிறாயா? இதை எழுதாமல் மறைத்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நாற்காலி கேள். கொடுக்கமாட்டேன் என்றால் அந்த டாக்டரின் கோட்டை என்னிடம் அனுப்பு, கையைச் சேர்த்துத் தைத்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். அத்தையும் உன் மாமாவும் பக்கத்தில்தான் இருப்பார்கள், இருக்கட்டும். உன் வீட்டுக்காரரிடம் சொல்லி அந்தக் கேமராவைப் பழுது பார்த்து வை. பட்டாணியிடம் தீப்பெட்டியை எடுத்து வைக்கச் சொல். நீ முகத்தைக் காட்டி அழுதுகொண்டு நிற்காதே. ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தில் நேராக நின்று, பக்கவாட்டில் திரும்பு.

அளவு எடுக்க வேண்டும்.

உன் அக்கா